இடது கை மவுஸ்

"ஈஸ்வரன் பேருல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் அழிச்சிரு. ஒண்ணு மிஞ்சக் கூடாது!"

நம்பிராஜன் கம்ப்யூட்டரை ரிப்பேர்க் கடை மேசையில் வைத்துவிட்டுப் போட்ட சத்தம் மேலகரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

சீர்திருத்தச் சங்கத் தலைவர். மேடை போட்டு எத்தனையோ சாதி மறுப்புத் திருமணங்களுக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர். சொந்த மகன் ஈஸ்வரன், ஜாய் என்ற வேற்றுச் சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது மட்டும் கதவைச் சாத்திவிட்டார்.

கடைக்காரர் கிதிர் முகம்மது தலையாட்டினார். பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியது ஏற்ற வேண்டும். எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் சாரலில் நனைந்துகொண்டே நம்பிராஜனின் மனைவி முத்துச்செல்வி வந்தாள்.

"தம்பி, அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அழிச்சிராத. அவரு கெடக்காரு. எம் பிள்ள போட்டோ, பாட்டு எல்லாம் புதுசுலயும் வரணும். தொறந்ததும் அவன் பேரு வருமே, அதுவும்."

"வரும்க்கா."

"மவுஸ இடது கைக்கு மாத்தி வச்சிருக்கான். அதையும் அப்படியே வையி."

"வீட்டுல வேற யாருக்கா இடது கைக்காரங்க?"

"யாரும் இல்ல. எனக்கு இப்பப் பழகிட்டு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு காதுக்கு மட்டும் போயிரக் கூடாது, தம்பி."

கிதிர் முகம்மது சிரித்துவிட்டார்.

"நேத்து சாயங்காலமே அண்ணாச்சி திரும்பி வந்துட்டாரு. 'ஏலே, ஒண்ணையும் தொட்டுராத. மவுஸும் இடது கையிலயே இருக்கட்டும். வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்'னு சொல்லிட்டுப் போனாரு."

முத்துச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்லுளிமங்கன்!" என்றாள். பிறகு கேட்டாள்: "எல்லாம் ஏறி முடிய எவ்வளவு நேரமாகும் தம்பி?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்க்கா." கிதிர் முகம்மது திரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "மினிபஸ்ல ஏறுனா ஈஸ்வரன் இருக்கிற இலஞ்சி அடுத்த ஊருதான். அதுக்குள்ள அண்ணாச்சியையும் கூட்டிக்கிட்டுப் போயி, அவனையே பாத்துட்டு வந்துரலாம்லா?"