தப்புக்கு ஒரு கேக்

ஆர்ஹூஸ் நகர மென்பொருள் அலுவலகத்தின் நீள மேசையில் யெப்பே ஆப்பிள் கேக்கை வெட்டிக்கொண்டிருக்கிறான். நிரலில் தப்புச் செய்தவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது இங்கே வழக்கம். தீவுப் படகின் பயணிகள் பட்டியலில் நேற்று நாற்பது பெயர்கள் காணாமல் போய், அந்த நாற்பது பேரும் மழையில் படகுத்துறையிலேயே நின்றுவிட்டார்கள். நிரலைக் கடைசியாகத் தொட்டவன் யெப்பே என்பதால் தப்பு அவன் பேரில் விழுந்தது. ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் அவன் கத்தியில் வழுக்குகிறது. பக்கத்து மேசையில், விபெகாவின் திரையில், திங்கட்கிழமை அவள் எழுதிய ஒற்றை வரி திறந்து கிடக்கிறது. எத்தனை இருக்கை மிஞ்சும் என்று கணக்குப் பார்க்கப் பட்டியலுக்குப் பிரதி எடுத்ததாக நினைத்து, அந்தப் பிரதியிலிருந்து பெயர்களை நீக்கச் சொல்லியிருந்தாள். அது வெறும் எண்ணாக இருந்தால் கணினி தனிப் பிரதி கொடுத்திருக்கும். பட்டியல் என்பதால், அதே பட்டியலை அழைக்க இன்னொரு பெயரை மட்டும் வைத்தது. இரண்டு பெயருக்கும் பட்டியல் ஒன்றுதான்; பயணிகள் அசல் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டார்கள். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அது அவள் கண்ணில் பட்டது. இப்போது அவள் விரல் மவுஸை அழுத்த, கோப்பு மூடிக்கொண்டு அந்த வரி திரையிலிருந்து மறைகிறது.

“மூணு வருஷமா ஓசிக் கேக்காவே திங்கிற. ஒரு தடவையாவது தப்புப் பண்ணித் தொலையேன்,” என்கிறான் யெப்பே விபெகாவைப் பார்த்து. எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் கண்கள் தூங்காமல் சிவந்திருக்கின்றன. தட்டை நீட்டும்போது குரலைத் தாழ்த்துகிறான். “நேத்து கூடவே உக்காந்து தேடினியே, அதான் உனக்குப் பெரிய துண்டு. நானே சுட்டது. எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு,” என்கிறாள் விபெகா, இன்னும் வாயில் வைக்காமலே.