சிம்பாங்கில் ஒரு சிவப்புச் சேலை

"புருஷன் செத்து இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள சிவப்புச் சேலை கேக்குதா அவளுக்கு?"

போனில் இப்படிக் கேட்டது ராக்கம்மா. மறுமுனையில் சிரம்பானில் இருக்கும் தர்மராஜ். பேச்சு அவன் தங்கை குமுதவல்லியைப் பற்றி.

"என்னக்கா சொல்றீங்க?"

"கண்ணால பார்த்ததைத்தான் சொல்றேன். நான் டவுனுக்குப் போற அன்னைக்கெல்லாம் விடியக்காலையில பெரிய ரோட்டு சிம்பாங்ல வந்து நிக்கிறா. நான் ஏறி வர்ற பஸ்ஸு அங்க திரும்புறப்ப பார்க்கிறேன், அவ ஏறுறதும் இல்ல. டிரைவரைப் பார்த்துக் கை காட்டுறா, சிரிக்கிறா, வீட்டுக்குத் திரும்பிடுறா. நல்லாவா இருக்கு? வந்து கூட்டிட்டுப் போயிரு லா."

போனை வைத்த ராக்கம்மாவுக்கு ஏதோ புண்ணியம் கட்டிக்கொண்ட நிம்மதி.

மலேசியாவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டம் அது; தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேரும் சந்திப்புதான் சிம்பாங். ஒரு காலத்தில் லயத்து வீடுகள் கொள்ளாத சனம். இப்போது ஆளாளுக்கு டவுனுக்குப் போய்விட, எதிரெதிரே ராக்கம்மா வீடும் குமுதவல்லி வீடும், தள்ளி நாலைந்து வீடும்தான் மிச்சம். ராக்கம்மாவுக்குக் கிட்னி கெட்டுவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் டவுனுக்குப் போய் ரத்தம் கழுவியாக வேண்டும். தன்னோடு வந்துவிடச் சொல்லி மகன் கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

"பஸ்ஸு என் வாசலுக்கே வருது. எனக்கு எவ தயவும் வேணாம்" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். உடம்பு போனாலும் வீம்பு போகவில்லை.

மறுநாள் விடியும்போதே தர்மராஜின் கார் எதிர் வீட்டில் நின்றது. அவன் போட்ட சத்தம் ராக்கம்மாவின் வாசல்வரை கேட்டது.

"வாசப்படி தாண்டக் கூடாது நீ. துணிமணியை எடுத்து வை, கிளம்பணும்."

'அண்ணன்னா இப்படித்தான் இருக்கணும்' என்று நினைத்துக்கொண்டு, பையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள் ராக்கம்மா.

வெயில் ஏறியது. பஸ் வரவில்லை. டிரைவர் ஃபவாஸுக்குப் போன் போட்டாள்.

"ஏன் தம்பி, பஸ்ஸு வரல?"

"நான் டவுனுக்கே வந்துட்டேனே அக்கா. சிம்பாங்ல குமுதவல்லி அக்காவைக் காணோம். சரி, நீங்க இன்னைக்குப் போகலபோலன்னு நினைச்சேன்."

"அவளுக்கும் எனக்கும் என்னப்பா?"

"தோட்டத்துல ஆள் குறைஞ்சு போச்சுல்லக்கா. சிம்பாங்ல யாராவது நின்னு கை காட்டினாத்தான் பஸ்ஸை உள்ள விடணும், இல்லன்னா நேரா போயிரணும்னு ஆபீஸ்ல ஆர்டர். அவ்வளவு தூரம் உங்களால நடக்க முடியுமா? அதான் உங்களுக்காக அவங்க வந்து நிப்பாங்க."

ராக்கம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"அவங்கதான் சொல்லக் கூடாதுன்னாங்க. தெரிஞ்சா நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறதையே நிறுத்திடுவீங்களாம்."

"அப்ப... அந்தச் சிவப்புச் சேலை?"

"அது நான் சொல்லிக் கட்டினதுக்கா. முன்ன வெளுத்த சேலைதான் கட்டிட்டு நிப்பாங்க. ஒருநாள் பனியில ஆள் தெரியாம தாண்டிட்டேன். பாவம், பஸ்ஸு பின்னாடியே ஓடி வந்து நிறுத்தினாங்க. கண்ணுல படுற மாதிரி ஏதாச்சும் கட்டுங்கன்னு சொன்னேன்."

ராக்கம்மா தட்டுத் தடுமாறி எதிர் வீட்டுக்குப் போனாள். பெட்டியோடு கார் பக்கத்தில் நின்றிருந்தாள் குமுதவல்லி. அழுது முகம் வீங்கியிருந்தது.

"பஸ்ஸு வரலல்லக்கா? கார்ல ஏறுங்க. போற வழியில ஆஸ்பத்திரியில விட்டுடறோம்."

ராக்கம்மா ஏறவில்லை. தர்மராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னது அத்தனையும் தப்புப்பா. உன் தங்கச்சியை இங்கயே விட்டுட்டுப் போ. எனக்கு அவ தயவு வேணும்."