சுவரில் இரண்டு கோடுகள்

பின்லாந்துக் காகித ஆலை ஒன்றின் காபி அறையில் எய்லா நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள். சுவரில் ஒட்டிய தாளில் முப்பது வருடமாக ஆண்டுக்கு இரண்டு புள்ளிகள்: காகிதம், அட்டை ஏற்றுமதியில் தங்கள் நாட்டுக்கு நீலம், ஸ்வீடனுக்கு மஞ்சள். இந்த வருடம்தான் மஞ்சள் முதல்முறையாக நீலத்துக்கு மேலே ஏறியிருக்கிறது. வெள்ளைத்தாள் இயந்திரத்தைப் போன கோடையில் நிறுத்திவிட்டார்கள். மிஞ்சிய அட்டை இயந்திரத்தின் அதிர்வில் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. “நீலத்தைக் கொஞ்சம் தூக்கி வையேன், எவன் வந்து அளக்கப் போறான்?” என்கிறான் கூட வேலை செய்யும் தைஸ்தோ, வாய் நிறைய ஏலக்காய் பன்னோடு. “ஸ்வீடன்காரன் வந்து பாத்தான்னா?” “அவன் இங்க எதுக்கு வரான்!” எய்லா புள்ளியைச் சரியான இடத்திலேயே வைக்கிறாள். தாளில் இடம் தீர்ந்துவிட்டது. புதுத் தாள் ஒட்ட, அலமாரியிலிருந்த வெள்ளைத்தாள் கட்டு ஒன்றை எடுக்கிறாள். உறையில் ஸ்வீடன் ஆலையின் முத்திரை. தைஸ்தோவின் வாய் மெல்வதை நிறுத்துகிறது. “வந்துட்டான்,” என்றபடி எய்லா பசையைத் தேடுகிறாள்.