ஸ்கிப் பட்டனின் ஆத்திரம்

ஓர் ஊரில் வருஷா வருஷம் சிறந்த வீடியோ கேமுக்குக் கோப்பை கொடுப்பார்கள். இந்த வருஷம் ஜெயித்தது ‘உப்புத் தோணி’. மேடையின் பெரிய திரையில் அந்த கேம் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில், கதையைத் தாண்டிப் போக அழுத்துகிற ஸ்கிப் பட்டன் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கதையைப் பார்த்துக் கலங்கிப்போயிட்டேன்” என்று மைக்கில் உருகிக்கொண்டிருந்தார் நடுவர் குலசேகரன்.

“பச்சைப் பொய்!” என்று சீறியது பட்டன். “கதை வாயைத் திறக்கும்போதெல்லாம் என் தலையில குத்திக் குத்தித் தாண்டிப் போன மனுஷன் இவரு. கலங்க எங்க நேரம்?”

மேஜைமேல் இருந்த கோப்பை அலுத்துக்கொண்டது. “கத்தாதே. ஆரம்பத்துல ராப்பகலா ஆடிப் பார்த்துத்தான் என்னைக் கொடுத்தாங்க. அப்புறம் பாதி ஆடினாங்க. இப்ப விளம்பரம் பார்த்தாலே போதுமாம். இவராவது உன்னைத் தொட்டாரே!”

“உனக்கு வெட்கமா இல்ல?”

“எனக்கு வருஷா வருஷம் பாலிஷ் போடுறாங்க.”

கேமை உருவாக்கிய ஜெனிட்டா மேடையேறினாள். ‘அப்பாடா, இவள் வாயாலாவது கதையை முழுசாகக் கேட்கலாம்’ என்று பட்டன் காதைத் தீட்டிக்கொண்டது.

“இந்தத் தோணி எங்கப்பாவோடது. அவர் கடைசியா கடலுக்குப் போன அன்னைக்கு...”

குலசேகரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார். மைக் அணைந்தது. பாட்டு முழங்கியது.

“ஐயோ, சத்தியமா நான் இல்ல!” என்று அலறியது ஸ்கிப் பட்டன். “என்னை யாரும் தொடவே இல்ல!”