பிரவுனியைக் கை கழுவியவர்

"நாய்னா என்ன சார், பழைய சோபாவா? வேணாம்னா எவன் தலையிலயாவது கட்டிவிடறதுக்கு?"

கேட்டைத் திறக்கும்போதே கஸ்தூரி ஆரம்பித்துவிட்டாள். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! செங்கம் ரோடே கூடி நின்று வேடிக்கை பார்த்தாலும் இன்றைக்கு அவள் விடப்போவதில்லை.

வாசலில் நின்றிருந்தார் ராஜேந்திரன். ரிட்டையர்டு ஹெட்கிளார்க். ஆறு மாசத்துக்கு முன்னால் இதே வாசலில் வைத்துத்தான் பிரவுனியை அவரிடம் ஒப்படைத்தாள். தெருநாய்களைத் தூக்கி வந்து, குளிப்பாட்டி, ஊசி போட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது கஸ்தூரியின் வேலை. சம்பளம் கிடையாது. கடியும் திட்டும் மட்டும் ஜாஸ்தி.

"உள்ள வாம்மா, உட்கார்ந்து பேசலாம்."

"உட்கார வரல சார். அடி அண்ணாமலையில எவனோ ஆட்டுக்காரன் வீட்டுல பிரவுனி நிக்குதாமே! பால்காரர் பார்த்துட்டு வந்து சொல்றாரு. நிஜமா?"

"நிஜம்தான். கொடுத்துட்டேன். ரொம்பத் துறுதுறுப்புமா. ஒரு நிமிஷம் சும்மா இருக்கறதில்ல. பூந்தொட்டி ஒண்ணு மிச்சமில்ல. காம்பவுண்டைத் தாண்டிக் குதிக்குது. ரோட்டுல ஆடு போனா போதும், பின்னாடியே ஓடிடுது. உனக்கும் ரெண்டு தடவை போன் பண்ணினேனே."

"பண்ணினீங்க. நல்லா நடக்கவிடுங்க, களைச்சா அடங்கிடும்னு சொன்னேன் இல்ல?"

"நடந்தோமே. போன மாசம் ஒருநாள் காலையில கிரிவலமே கூட்டிட்டுப் போனேன்..." என்றவர் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வச்சுக்க முடியலன்னா எங்ககிட்டதான் திருப்பிக் கொடுக்கணும்னு ஃபாரத்துல இருக்கா இல்லையா? அதுல நீங்க கையெழுத்து போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன். தப்புதான்."

"தப்புதானா? அவ்வளவுதானா? கழுத்துல ஒரு பட்டைகூட இல்லாம, எலும்பும் தோலுமா கிரிவலப் பாதையில அனாதையாத் திரிஞ்சதை அள்ளிட்டு வந்தேன் சார். எவனோ கைவிட்டதை நீங்களும் கைவிட்டீங்களே, எப்படி மனசு வந்துச்சு?"

அவர் மனைவி ரேவதி கதவோரம் வந்து நின்றாள். "ஏங்க, சொல்லித்தான் தொலைங்களேன்..."

"நீ சும்மா இரு ரேவதி."

பதிலுக்கு ரெண்டு வார்த்தை திட்டினாலாவது மல்லுக்கு நிற்கலாம். இப்படி மண்ணுமாதிரி நின்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? கஸ்தூரி செல்லை எடுத்தாள். அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு போட்டோ. 'இந்த ஆளுக்கு யாரும் நாய் கொடுக்காதீங்க. ஆசைக்கு வாங்கிட்டு அலுத்தா தூக்கி எறியற ஜென்மம்' என்று எழுதி, முன்னூறு பேர் இருக்கிற குரூப்பில் அங்கேயே போட்டாள். போட்டதை அவரிடமே காட்டினாள்.

படித்துப் பார்த்தார். "சரிம்மா. ஆனா அந்த வீட்டுக்கு மட்டும் நீ போகாத. நாயை நல்லாத்தான் பார்த்துக்கறாங்க."

"போகாதயா? இப்பவே போய்த் தூக்கிட்டு வர்றேன் பாருங்க!"

ஸ்கூட்டி பறந்தது. வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனாள்.

அடி அண்ணாமலையில் ஆட்டுக்காரர் மணிவேல் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருபது ஆடு. ஒதுங்கிப்போன ரெண்டு குட்டிகளைப் பிரவுனி மடக்கிக்கொண்டு வந்தது. கஸ்தூரியைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு மறுபடி ஆட்டுக்குப் பின்னால் ஓடியது.

மணிவேலின் மனைவி ராணியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இன்னாம்மா வேணும்?"

"இந்த நாயை ராஜேந்திரன் சார்கிட்டதானே வாங்கினீங்க?"

"வாங்கறதா? நல்லா இருக்குதே கதை! குட்டியிலேர்ந்து நாங்க வளர்த்த நாயி. டேய், செவலே!"

பிரவுனி ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது.

"உங்க நாயா? ஆனா... கழுத்துல பட்டை எதுவும்..."

"பட்டை இன்னாத்துக்கு? மணிவேல் வூட்டு நாயின்னு ஊருக்கே தெரியும். நாளெல்லாம் ஆட்டுக்குப் பின்னால ஓடறது எலும்பும் தோலுமாத்தான் இருக்கும். எவளோ ஒருத்தி பிஸ்கட்டைக் காட்டி, ஆட்டோவுல ஏத்திக்கினு போயிட்டா. பூக்கடைக்காரம்மா பார்த்திருக்கு. ஏழு மாசமாச்சு. பக்கத்துல ஒரு வார்த்தை, இது யாரு நாயின்னு கேட்டாளா? அவ கை விளங்குமா? எம்பொண்ணு தென்றல் பத்து நாள் சோறு தொடல தெரியுமா!"

"அப்புறம் எப்படி..."

"அந்த சார் இதைக் கூட்டிக்கினு கிரிவலம் வந்தாரு. நம்ம வூட்டைக் கண்டதும் கயித்தைப் பிடுங்கிக்கினு ஓடியாந்து எம்பொண்ணு மேல உழுந்துது. அவளும் அழுவுறா, இதுவும் ஊளையிடுது. அவரு கயித்தை எடுத்து அவ கையிலேயே குடுத்துட்டாரு. அவருக்கும் கண்ணு கலங்கிப்போச்சு பாவம்."

"தூக்கிட்டுப் போனது யாருன்னு அவர் சொல்லலையா?"

"எங்க வூட்டுக்காரரு எவ்வளவோ கேட்டாரு. பேரை மட்டும் சொல்லல அந்த மனுசன். பேரைச் சொன்னா நாங்க போய் சண்டை போடுவோமாம். அந்தப் பொண்ணு மனசு உட்டுப்போயி, அப்புறம் ரோட்டுல அடிபட்டுக் கிடக்கற நாயைக்கூடத் திரும்பிப் பார்க்காதாம்."