ஓரத்தில் ஒரு அப்பா

கருணாகரன் வாசலில் வந்து நின்றதும் அப்பாசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் ருக்மணியை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து காஜா பெராங் வீட்டுப் பக்கமே தலைகாட்டாத பிள்ளை. எத்தனை தடவை சொல்லியனுப்பியும் வராதவன், மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நிற்கிறான்!

"வாப்பா, வா! பசியாறினியா?"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல இதைப் பாருங்க."

நீட்டியது ஒரு போட்டோ. பார்த்தால், அட, அவரேதான்! கோப்பிக் கடை பெஞ்சில் தன்னந்தனியாக, படத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மிச்சம் முழுக்க வெறும் ரோடு. ஈ காக்கா இல்லை. முகம் எங்கோ திரும்பி, பாதிதான் தெரிகிறது. ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோ என்று அவரே உச்சுக் கொட்டினார்.

"யாரோ புண்ணியவான் தபால்ல அனுப்பியிருக்கான். ஊரே மெர்டேக்கா கொண்டாடுது. உங்களை இப்படி ரோட்டோரத்துல விட்டுட்டு அவங்க எங்க போனாங்க?"

'அவங்க' என்றது அடுப்படியில் நின்ற ருக்மணியை. காதில் விழாமலா இருக்கும்? அவள்பாட்டுக்குக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா, அன்னைக்கு நான் நல்லாத்தான் இருந்தேன்..."

அப்பாசாமி தலையைச் சொறிந்தார். அன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் ஞாபகம். சட்டையும் அதே சட்டை, கடையும் அதே கடை. பின்னே இந்தச் சோகம் எங்கேயிருந்து வந்தது? ஒருவேளை நாம்தான் சந்தோஷமாக இருந்ததாக நினைத்துக்கொண்டோமோ? மனுஷனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"மழுப்பாதீங்கப்பா. கிளம்புங்க என்கூட. இந்தப் பொம்பளையை நம்பி நீங்க..."

"இருப்பா, இருப்பா. அன்னைக்குக் கடையில படம் எடுத்தவனையே கேட்டுடுவோம்."

மகனை இழுத்துக்கொண்டு ஸ்டூடியோ ஜெயபாலனிடம் போனார்.

போட்டோவைப் பார்த்ததும் ஜெயபாலன் நெளிந்தான். "விடுங்களேண்ணே, நல்ல படந்தானே" என்று பூசி மெழுகினான். கருணாகரன் விடுவதாக இல்லை. வேறு வழியில்லாமல் ஜெயபாலன் உள்ளே போய், வெட்டாத முழுப் படத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

அதே பெஞ்சு, அதே ரோடு. ஆனால் வெட்டுப்பட்ட பக்கத்தில் ஒரே கூட்டம், கொடி, கும்மாளம். கோப்பிக் கிளாஸை நீட்டியபடி ருக்மணி ஏதோ கேலி பேசுகிறாள். அவளைப் பார்த்துத்தான் அப்பாசாமி திரும்பியிருக்கிறார்.

"அதே பாதி முகந்தான். இதுல சிரிக்குதே!" அப்பாசாமி வாயைப் பிளந்தார்.

"ஆளை ஓரத்துல வச்சு ரோட்டைக் காலியா விட்டா, சிரிச்சவரும் அழுத மாதிரிதாண்ணே தெரியும்."

கருணாகரனுக்கு முகம் சிவந்தது. "அதுக்காக ஒரு பொம்பளை பேரையா கெடுக்கிறது? யார் உங்களை வெட்டச் சொன்னாங்க?"

ஜெயபாலன் அப்பாசாமியைப் பார்த்தான், பிறகு கருணாகரனைப் பார்த்தான்.

"உங்க சின்னம்மாதான் தம்பி. அனுப்பச் சொன்னதும் அவங்கதான். 'என்னை வெட்டி எடுத்துட்டு இவரைத் தனியா காட்டுங்க. என்னைத் திட்டுறதுக்காவது பிள்ளை அப்பாவைப் பார்க்க வரும்'னாங்க."