அரை மணி

"செவ்வாய் ஏழுல இல்லையேம்மா. ஆறுல உக்காந்திருக்கு" என்று சோசியர் சதாசிவம் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

நாகம்மைக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஏழாம் வீட்டில் இருந்த செவ்வாய், சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் தம்போயில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேலே இருக்கும் இந்த அறைக்கு வந்ததும் நகர்ந்துவிடுமா என்ன?

"காரைக்குடியில கணிச்சது. தப்பா இருக்காது" என்றாள்.

அந்தச் செவ்வாய் அவளைக் கொஞ்சமா படுத்தியது? பெர்மாஸ் ஜெயாவிலிருந்து முதல் வரனாகக் கார்த்திகேயன் வீட்டார் வந்து பார்த்தார்கள். பிடித்திருக்கிறது என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளே ஜாதகம் திரும்பி வந்தது.

கார்த்திகேயன் இப்போது இரண்டு பிள்ளைகளோடு கோயிலுக்கு வருகிறான். பார்த்தால் தலையசைப்பான்.

அதற்குப் பிறகு வந்த பதினொரு வரனும் அதே ஏழாம் வீட்டு வாசலோடு திரும்பிப் போயின.

அவளைவிட ஒடிந்துபோனவர் அவளைப் பெற்ற அப்பச்சி, குமரப்பன். "பெத்த நேரம் சரியில்லாமப் போச்சே ஆத்தா" என்று மகளிடமே மன்னிப்புக் கேட்பார். எழுபத்தெட்டு வயதிலும் அவளுக்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்தார். போன தையில் கண்ணை மூடினார். அன்றும் செவ்வாய்க்கிழமைதான்.

இப்போது, நாற்பத்தாறு வயதில், செனாயிலிருந்து ஒருவர் கேட்டு அனுப்பியிருக்கிறார். மனைவியை இழந்தவர். அவருக்கும் ஜாதகம் வேண்டுமாம். பழைய ஜாதக நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நாகம்மை வந்தாள்.

சதாசிவம் நோட்டைப் புரட்டினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நீங்க பொறந்தது எழுவத்தொம்பது. அப்போ நம்ம நாட்டுக் கடிகாரம் இந்தியாவுக்கு ரெண்டு மணி நேரந்தான் முன்ன. எம்பத்திரண்டு ஜனவரியிலதான் இன்னும் அரை மணி முன்னுக்குத் தள்ளுனாங்க. நீங்க பொறந்த நேரம் இங்க காலையில ஆறு இருவதுன்னா அங்க நாலு இருவது. இதுல மூணு அம்பதுன்னு வச்சுக் கணிச்சிருக்காங்க. அந்த அரை மணியில லக்னமே மாறிப்போச்சு லா."

தோஷமே கிடையாது, சுத்த ஜாதகம் என்று அவர் சந்தோஷமாகச் சிரித்தார்.

நாகம்மை தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ராட்டர்டாமில் மணி என்ன, துபாயில் மணி என்ன என்று விரல் மடக்காமல் சொல்வாள். ஆபீசில் அவளைக் கேட்டுவிட்டுத்தான் வெளிநாட்டுக்குப் போன் போடுவார்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவள்தான் கணக்குப் புலி.

இந்த அரை மணி மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நோட்டின் உறையில் செருகியிருந்த தாளை எடுத்தாள். கல்யாணப் பேச்சு எடுத்த வருஷம், ஜாதகம் கணிக்கச் சொல்லிக் காரைக்குடிக்கு எழுதி அனுப்பிய தாள். ஜாதகத்தோடு திரும்பி வந்தது.

"இந்திய நேரத்துக்கு யாரும்மா மாத்திக் குடுத்தது?" என்று கேட்டார் சதாசிவம்.

தாளில் குமரப்பனின் சாய்ந்த எழுத்தில் நாலு இருபது என்றுதான் இருந்தது. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் நீல மையில், குண்டு குண்டாக, மூன்று ஐம்பது.

"ரெண்டரை மணி நேரம் அப்பச்சி, இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே அவர் கையிலிருந்த பேனாவை வாங்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மகளின் கணக்கை அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பச்சிதான்" என்றாள்.